அச்சுக்குப் போன இரண்டு புத்தகங்களும் என் கைப்பிரதியும்

என் நாவல் இன்னும் கைப்பிரதியாகவே இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஞாயிறு மாலைகளில் கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டும் எங்கள் சிறு குழுவில் இருவருக்கு அதற்குள் புத்தகம் வந்துவிட்டது. அவ்விருவருக்கும் துணையாக அலைந்ததில் தெரிந்துகொண்டவை எந்தப் பயிலரங்கிலும் என் காதில் விழாதவை என்பதால் அவற்றைப் பகிர்கிறேன்.

முதலாமவர் அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை. அவருடைய சிறுகதைத் தொகுப்பை ஏற்றுக்கொண்ட பதிப்பாளர் அனுப்பிய ஒப்பந்தத்தில், உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு என்ற வரியே இல்லை. எங்கள் குழுவிலுள்ள வக்கீல் அண்ணாச்சி அதை வாங்கிப் படித்துவிட்டு, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்றும் விளக்கினார். கூடவே, "சட்டம் பாத்துக்கிடும்னு விட்ராதீங்க டீச்சர், எத்தன வருசம்னு நீங்களே எழுதிக் கேளுங்க" என்றார். டீச்சர் 3 ஆண்டு என்று எழுதி, மொழிபெயர்ப்பு உரிமையைத் தமக்கே வைத்துக்கொண்டு கேட்டபோது, பதிப்பாளர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். கேட்காமலே கையெழுத்திட்டவர்கள் நம்மில் எத்தனை பேரோ!

உண்மையான சிக்கல் பக்க வடிவமைப்பில் வந்தது. 16 பக்கம் ஒரு பாரம் என்று அச்சகத்தார் கணக்கிடுவது நம்மில் பலருக்குத் தெரியும். டீச்சரின் தொகுப்போ 131 பக்கங்களில் வந்து நின்றது. எட்டுப் பாரத்துக்கு 3 பக்கம் மிகுதி. குறைத்துத் தாருங்கள், அல்லது ஒன்பதாவது பாரம் நிரம்ப இன்னொரு கதை தாருங்கள் என்றார்கள். ஒரு வாரம் யோசித்த டீச்சர், ஒரு கதையின் தொடக்கத்திலிருந்த தாமிரபரணி வருணனையை அப்படியே எடுத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் முன்பு வாயாரப் பாராட்டிய பகுதி அது. புத்தகம் வந்த பிறகு அதைப் படித்த எங்களில் ஒருவரும் அந்த ஆற்றைத் தேடவில்லை என்பதுதான் வியப்பு.

அதன்பின் என் கைப்பிரதியை எடுத்துப் பார்த்தேன். முக்கூடல் பக்கத்து ஊரொன்றில் பீடி சுற்றும் பெண்களைப் பற்றிய நாவல் அது. அதிலும் ஆறு, வயல், பனை எல்லாம் கடந்த பிறகே ஒரு பெண் முறத்தை மடியில் வைக்கிறாள். இப்போது முதல் பக்கமே பீடிக்கடையில் தொடங்குகிறது. 25 பீடி கொண்ட கட்டுகளாக 40 கட்டு, ஆக 1000 பீடியை அவள் எண்ணி வைக்கிறாள். கணக்கப்பிள்ளை ஒரு கட்டைப் பிரித்து, நாலைந்தை விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்து, தூள் குறைச்சல் என்று ஒதுக்குகிறார். "நீங்க தந்த இலை பூராவும் ஓட்டை அண்ணாச்சி" என்கிறாள் அவள். குழுவில் வாசித்தபோது முதன்முறையாக யாரும் கைபேசியைப் பார்க்கவில்லை.

இரண்டாமவர் களக்காட்டு நண்பர், கவிஞர். பணம் கட்டிப் புத்தகம் போட்டவர். சொன்ன பிரதிகளில் பாதிகூட வீடு வந்து சேரவில்லை, புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணும் வாங்கித் தரப்படவில்லை. பணம் கட்டிப் போடுவது இழிவு என்று நான் நினைக்கவில்லை, எதற்குக் கட்டுகிறோம் என்பதை எழுத்தில் வாங்காததில்தான் ஆபத்து. அடுத்த தொகுப்பை அவர் தாமே பதிப்பித்தார். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அந்த 13 இலக்க எண்ணைக் கட்டணமின்றியே தருகிறது, எழுத்தாளர் தாமே விண்ணப்பிக்கலாம் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பதிப்பாளரும் தாமே ஆகிவிட்டதால், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கும் பிரதி அனுப்பும் கடமையும் அவருக்கு வந்தது. பார்சல் கட்டும்போது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை விருது வாங்கியவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

என் நாவலின் பின்பாதி இன்னும் திருத்தத்தில் இருக்கிறது. முடிந்ததும் டீச்சரின் பதிப்பாளருக்கே அனுப்பலாம் என்றிருக்கிறேன். கைப்பிரதி கொடுத்து எவ்வளவு காலம் கழித்து விசாரிப்பது முறை, ஒரே சமயத்தில் இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பலாமா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.