பெயர்வாரியாக அடுக்கினால் எக்செலில் தொகை ஆள் மாறுகிறது, உதவுங்கள்

கேள்வி (யாங்கோன்):
வணக்கம். பேயின்னாங் சந்தையில் எங்கள் பருப்புக் கடையின் பற்றுக் கணக்கை எக்செலில் எழுதுகிறேன். ‘கணக்கு’ தாளில் ஏ பெயர், பி சரக்கு, சி வீசை, டி கிலோ, இ தொகை. ஒரு வீசைக்கு 1.633 கிலோ என்று எச்1-இல் போட்டிருக்கிறேன். டி4-இல் =சி4*எச்1 சரியாக வருகிறது, கீழே இழுத்தால் மற்றதெல்லாம் 0. அதைவிட மோசம், பெயர்வாரியாக அடுக்கியதும் தொகை கலைந்துவிடுகிறது. 20 வீசை உளுந்து வாங்கியவருக்கு 200 வீசைக்கான பணம் காட்டுகிறது. ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் விழுந்தால் கடைக்குத்தான் கெட்ட பெயர்.

பதில் (மோல்மேன்):
தம்பி, கீழே இழுக்கும்போது எச்1-உம் கூடவே இறங்கி எச்2, எச்3 ஆகிவிடுகிறது. அவை காலி, அதனால்தான் 0. சூத்திரத்தில் எச்1 மேல் கர்சரை வைத்து எஃப்4 தட்டுங்கள், $எச்$1 ஆகும். சில லேப்டாப்பில் எஃப்என்-ஐயும் சேர்த்து அழுத்த வேண்டும். அப்புறம் இழுங்கள்.

தொகை தப்பாக வரும் கட்டத்தில் என்ன சூத்திரம் இருக்கிறது? அப்படியே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கிலோ சரியாகிவிட்டது அண்ணா, நன்றி. தொகைக்கு =கணக்கு!சி4*விலை!$பி$2. ‘விலை’ என்ற தனித் தாளில் அன்றைய விலை இருக்கிறது. அடுக்கிய பிறகு அந்த ஆள் 9-ஆம் வரிசைக்குப் போய்விட்டார், சூத்திரம் மட்டும் இன்னும் சி4-ஐயே பார்க்கிறது.

பதில் (மோல்மேன்):
பிடிபட்டது. அந்த ‘கணக்கு!’தான் காரணம். விலைத் தாளுக்குப் போய் ஒரு கட்டத்தைச் சொடுக்கிவிட்டுத் திரும்பி வந்து வீசையைச் சொடுக்கினால், இந்தத் தாளின் பெயரையும் எக்செல் தானாகவே சேர்த்துவிடும். வெறும் சி4 என்றால் அடுக்கும்போது வரிசையோடு மாறும். முன்னால் தாள் பெயர் இருந்தால் மாறாது. கன்ட்ரோல் எச் அழுத்தி, ‘கணக்கு!’ என்பதைத் தேடி, மாற்றும் இடத்தைக் காலியாக விட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஏற்கெனவே கலைந்த தாளில் இதைச் செய்து பயனில்லை. அடுக்குவதற்கு முந்தைய கோப்பை எடுங்கள், அதிலும் ஒரு நகல் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பற்றுக் கணக்குக்கு இதுதான் பெரிய ஆபத்து. விலைத் தாளில் நாளைய விலையைப் போட்டதும் நேற்றைய பற்றும் சேர்ந்து மாறிவிடும். கடை சாத்துமுன் அன்றைய தொகைகளை நகலெடுத்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷலில் ‘வேல்யூஸ்’ என்று ஒட்டிவிடுங்கள். பிறகு அது வெறும் எண், விலை ஏறினாலும் இறங்கினாலும் அசையாது.

கேள்வி கேட்டவர்:
பழைய கோப்பில் மாற்றி அடுக்கிப் பார்த்தேன், தொகை அவரவர் பெயரிலேயே நிற்கிறது. விலை விஷயம்தான் பகீரென்றது அண்ணா. போன வாரச் சீட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன், இன்று ராத்திரியே ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிடுகிறேன்.