அரைச் சர்க்கரையில் தொடங்கியது

நம் குழுவில் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள், மாற்றப் பார்த்து விட்டுவிட்டவர்கள், இரு தரப்பினரும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். முதலில் என்னுடையதை எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். வயது 47. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.3 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் வரப்பில் நிற்பது, 6.5 தொட்டால் நீரிழிவு. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்தின் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் போனது. புண்ணைக் கழுவிக் கட்டிய வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த எண் வெறும் எண் அல்ல.

மறுநாளே எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் இரண்டு சப்பாத்தி, இரவு வேகவைத்த காய். டீ கிடையாது, இனிப்பு கிடையாது, எங்கள் வீட்டில் மூன்று வேளையும் இருந்த சோறு கிடையாது. பதினொரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் ஒரு வளைகாப்புக்குப் போனோம். இலையில் சித்ரான்ன வகைகளைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. அன்றோடு பழைய வழிக்கே திரும்பினேன். முன்பைவிடக் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

அதன் பிறகுதான் அரசு மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மையாரிடம் போனேன். அவர் எனக்குப் பட்டியல் எதுவும் தரவில்லை. "நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். ஐந்து டீ என்றதும் நிறுத்தி, "ஒவ்வொன்றிலும் எத்தனை கரண்டி?" என்று கேட்டார். இரண்டு. பத்துக் கரண்டி, கிட்டத்தட்ட 40 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி நாளைக்கு 25 கிராமுக்குள் என்கிறது. டீயிலேயே நான் அதைத் தாண்டியிருந்தேன். "இதை மட்டும் மாற்றுங்கள். சோற்றைத் தொடாதீர்கள். பழகிய பிறகு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் "அரைச் சர்க்கரை" என்றேன். மாஸ்டர் தம்ளர்களில் முன்கூட்டியே சர்க்கரையைப் போட்டு வரிசையாக வைத்திருப்பார். என் தம்ளரை எடுத்துச் சாய்த்து, கரண்டி நுனியால் பாதியைச் சுரண்டி டப்பாவில் திருப்பிப் போட்டார். அந்தச் சுரண்டும் ஓசை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முதல் வாரம் டீ வெறும் சாயத் தண்ணீர் போல இருந்தது. மூன்றாவது வாரத்தில் டீத்தூளின் துவர்ப்பு நாக்கில் தெரிய ஆரம்பித்தது. இத்தனை வருடம் நான் குடித்தது பாலும் சர்க்கரையும்தான் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு மாதம் கழித்து வெளியூரில், சொல்ல மறந்து, முழுச் சர்க்கரை டீயை வாங்கினேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. நாக்கு மாறும், ஆனால் அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதைத்தான்.

அடுத்தது சோறு. எங்கள் பகுதியில் இதுதான் கடினம். சமையலறைத் தராசில் என் தட்டை ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன்: மதியச் சோறு மட்டும் 430 கிராம். சமைத்த சோறு நூறு கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கணக்கு உங்களுக்கே தெரியும்.

அம்மாவிடம் பாதி போதும் என்றேன். கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சோறு போடுகிற கை சுருங்கக் கூடாது தம்பி" என்றார். காவிரித் தண்ணீர் வராமல் குறுவை போன வருடங்களில், பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வடித்த கஞ்சியைக் குடித்துப் படுத்தவர். அவரிடம் மாவுச்சத்துக் கணக்கைப் பேசுவது நியாயமாகப் படவில்லை. எனவே அளவை விட்டுவிட்டு வரிசையை மாற்றினேன். சோற்றுக்கு முன் ஒரு கிண்ணம் பொரியல், ஒரு கிண்ணம் கூட்டு. பொறுமையாக மென்று அதை முடித்த பிறகுதான் சோறு. காயை முதலில் சாப்பிட்டால் அதற்குப் பின் போகும் சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். வயிறும் பாதி நிரம்பியிருக்கும். பத்துப் பதினைந்து நாளில் மறுசோறு கேட்பது தானாக நின்றது. அம்மாவின் கையும் சுருங்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண்கள் "இனி நான் காய் நிறையச் சாப்பிடப் போகிறேன்" என்று அறிவித்துவிடுகிறோம். அந்தக் காயை யார் நறுக்குவது? முதல் மாதம் என் மனைவி ஐந்து மணிக்குப் பதில் நாலரைக்கு எழுந்தார். நான் கவனிக்கவே இல்லை. ஒருநாள் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டே, "உங்களுக்குச் சர்க்கரை குறைகிறது, எனக்குத் தூக்கம் குறைகிறது" என்றார். அன்று முதல் இரவில் மறுநாள் காயை நறுக்குவது என் வேலை. தண்டை வட்டமாக அரிந்து, நூலாக வரும் நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போட இப்போது எனக்குத் தெரியும். கீரை ஆய்வேன், வாழைப்பூவில் கள்ளன் எடுப்பேன். உழைப்பைப் பங்கு போடாத வீட்டில் எந்த உணவு மாற்றமும் நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆறாவது மாதத்தில் மாப்பிள்ளைச் சம்பா வாங்கினோம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி விதை பரப்பிய நெல் ஜெயராமன் எங்கள் மண்ணுக்காரர். அவரால்தான் அந்தச் சிவப்பரிசி எங்கள் பக்கத்தில் மறுபடி கண்ணில் படுகிறது. ஊறவைக்காமல் பொன்னி போலவே வேகவைத்ததில் முதல் நாள் பல்லுக்கு வேலையாகிவிட்டது. இப்போது இரவே ஊறவைத்து, தனியாக வேகவைத்து, வாரம் மூன்று நாள் சாப்பிடுகிறோம். சிறுதானியமும் உண்டு. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு எல்லாக் கடையிலும் சாமையும் வரகும் கிடைக்கின்றன. ஆனால் சமைக்காத சாமையிலும் நூறு கிராமுக்கு அறுபது கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். நார்ச்சத்து இருக்கிறது, நல்லது. அதற்காகக் குவித்துப் போட்டுச் சாப்பிட்டால் பழைய இடத்துக்கே வருவோம்.

எட்டாம் மாதப் பரிசோதனையில் 5.9. எடை 81 கிலோவிலிருந்து 76. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் நடப்பதும் சேர்ந்ததால் எல்லாப் பெருமையையும் சாப்பாட்டுக்கே கொடுக்க மாட்டேன்.

இனி நீங்கள் எழுதுங்கள்.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, தூக்கம் குறைகிறது என்று அண்ணி சொன்னதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் பிரச்சினை சர்க்கரை அல்ல, உப்பு. மாமனாருக்கும் கணவருக்கும் ரத்த அழுத்தம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். எவ்வளவு போடுகிறோம் என்று தெரிந்தால்தானே குறைக்க முடியும்? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். புது உப்புப் பொட்டலத்தைப் பிரித்த அன்று அதன் மேல் பேனாவால் தேதி எழுதினேன். ஒரு கிலோ சரியாக 30 நாளில் தீர்ந்தது. நான்கு பேர். ஆளுக்கு நாளைக்கு எட்டுக் கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கடையில் வாங்கும் மிக்சர் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

ஒரேயடியாகக் குறைத்திருந்தால் சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்து போயிருப்பார்கள். சோறு வடிக்கும்போது போடுகிற உப்பை முதலில் நிறுத்தினேன். குழம்பு, ரசம் எல்லாம் பழையபடிதான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த மாதம் பொரியலில் குறைத்து எலுமிச்சை பிழிந்தேன், ரசத்தில் மிளகைக் கூட்டினேன். ஊறுகாய் ஜாடியைச் சாப்பாட்டு மேசையிலிருந்து உள் அலமாரிக்கு மாற்றினேன். எழுந்து போய் எடுக்க வேண்டும் என்றால் பாதி நாள் யாரும் எடுப்பதில்லை. இப்போது ஒரு பொட்டலம் 44 நாள் வருகிறது. இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும்.

ஒன்றை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று சோடியம் குறைந்த உப்பு வாங்கி வந்தேன். நல்ல வேளையாக அடுத்த முறை டாக்டரிடம் போனபோது வாய்விட்டுச் சொன்னேன். மாமனாருக்குச் சிறுநீரகமும் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கிறது. அந்த உப்பில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது ஆபத்து என்று உடனே நிறுத்தச் சொன்னார். நல்லது என்று கடையில் விற்கும் பொருள்கூட யாருக்கு நல்லது என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் பஸ் கண்டக்டர். இரவு வண்டி. வண்டி நிற்கிற இடத்தில் கிடைப்பது பரோட்டா, சால்னா. பல வருடம் இரவு பதினொன்றரைக்கு நான்கு பரோட்டா சாப்பிட்டுவிட்டு, விடிய விடிய நெஞ்சு எரிய டிக்கெட் கிழித்திருக்கிறேன். நான் மாற்றியது என்ன சாப்பிடுகிறேன் என்பதை அல்ல, எப்போது சாப்பிடுகிறேன் என்பதை. வண்டி எடுப்பதற்கு முன் ஏழரைக்கே வீட்டில் சாப்பிட்டுவிடுகிறேன். பையில் ஒரு டப்பா சுண்டல், சில நாள் அவித்த நிலக்கடலை. வண்டி நிற்கும்போது டிரைவருக்கும் எனக்கும் அது போதும். பரோட்டாவை விட்டுவிடவில்லை, விடுமுறை நாளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு சாப்பிடுகிறேன். முதல் ஆறு மாதம் கடைக்காரர் "என்ன அண்ணாச்சி, நம்ம கடையை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது அவரே அவித்த முட்டை எடுத்து வைக்கிறார்.

வேலூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் சோற்றைக் குறைத்தேன், ஆனால் டாக்டரிடம் சொல்லவில்லை. மாத்திரை பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மாலை நான்கு மணிக்கு மார்க்கெட்டில் நிற்கும்போது உடம்பெல்லாம் வியர்த்தது, கை நடுங்கியது, எதிரே இருந்த கடையின் பெயரைப் படிக்க முடியவில்லை. பூக்கட்டும் அம்மா ஒருவர் என்னை உட்காரவைத்து, பக்கத்துக் கடையில் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் மூன்று கரண்டி கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தேன். சர்க்கரை தாழ்ந்து போயிருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். உணவைக் குறைப்பது நல்ல செய்தி, அதை முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார். இன்சுலின் போடுகிறவர்களும் தயவுசெய்து கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று குளுக்கோஸ் மாத்திரைகளோ மிட்டாயோ இருக்கட்டும். அந்தப் பூக்கார அம்மாவிடம்தான் வெள்ளிக்கிழமைதோறும் பூ வாங்குகிறேன்.

மன்னார்குடியிலிருந்து மீண்டும்:

வேலூர் நண்பர் எழுதியதை என் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மாத்திரை இல்லாததால் அது தோன்றவில்லை; மன்னியுங்கள். கோவைச் சகோதரியின் உப்புக் கணக்கைப் படித்ததும் எங்கள் பொட்டலத்திலும் தேதி எழுதிவிட்டேன்.

வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று தனியாகச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். என் அம்மா இன்றுவரை வாயால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் போன வாரம் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இன்னும் பித்தளை ஆழாக்கில்தான் அரிசி அளக்கிறோம். அம்மா எப்போதும் கோபுரமாக அளப்பார்; தலைதட்டி அளந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார். அன்று காலை நான் பின்னால் நிற்பது தெரியாமல் அளந்துகொண்டிருந்தார். முதல் மூன்று ஆழாக்கு கோபுரமாக விழுந்தது. நான்காவதை அள்ளி, ஒரு கணம் யோசித்து, உள்ளங்கையால் மெல்லத் தலைதட்டி, மேலே நின்ற அரிசியை அரிசிப் பானைக்குள்ளேயே தள்ளிவிட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். மதியம் காக்கைக்கு வைத்த பிடி மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.