நிறப்படம் சரி, எஃப்ஏ படம் சரி. வளைவில் மட்டும் நார்ப்பாதை அறுந்துபோகிறது – உதவி தேவை

கேள்வி – அட்டன் மாணவி

வணக்கம். மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன். வழி தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

மூளையில் நீர் எந்தத் திசையில் பரவுகிறது என்று அளக்கும் பரவல் எம்.ஆர்.ஐ தரவிலிருந்து ஆர்குவேட் எனப்படும் வில்வடிவ நார்க்கட்டை வரைந்தெடுக்க முயல்கிறேன். காதுக்கு மேலிருக்கும் பொட்டு மடலில் தொடங்கி, வில்லாக வளைந்து, நெற்றி மடலின் பேச்சுப் பகுதிக்குப் போகும் கட்டு அது. ஆய்வுக்காகப் பொதுவில் திறந்துவிடப்பட்ட 12 பேருடைய தரவு என்னிடம் இருக்கிறது. எல்லோரும் நலமானவர்கள். ஒவ்வொருவருக்கும் 64 அளவீட்டுத் திசைகள், பி மதிப்பு (பரவலை அளக்கும் வலு) 1000, வோக்சல் (படத்தின் மிகச்சிறு கனக்கட்டம்) 2 மில்லிமீற்றர். எம்ஆர்ட்ரிக்ஸ் மென்பொருளில் வேலை செய்கிறேன்.

பரவல் எவ்வளவு ஒருதிசைப்பட்டது என்று காட்டும் எஃப்ஏ படம் பாடப்புத்தகத்துப் படம் போலவே இருக்கிறது. நார்களின் திசையை நிறத்தால் காட்டும் நிறப்படத்தில், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் சிவப்பு, மேலிருந்து கீழே இறங்கும் பாதை நீலம், முன்பின்னாக ஓடுவது பச்சை. எதிலும் குறையில்லை. ஆனால் பாதைகளை வரைந்தால் கார்பஸ் கலோசத்தின் நடுப்பகுதி மட்டும் அழகாக வருகிறது. ஆர்குவேட் வளைய வேண்டிய இடத்தில் கோடுகள் சிதறி நின்றுவிடுகின்றன. கோடுகளின் எண்ணிக்கையை 1 இலட்சத்திலிருந்து 10 இலட்சமாக உயர்த்தியும் பயனில்லை.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்குக் காரணம் அப்பா. கொழுந்து லொறி ஓட்டியவர். 2 வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்தது. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'அதுதான், அதுதான்' என்ற ஒரே சொல்தான் வருகிறது. அந்த வில்லை ஒரு தடவையாவது சரியாகக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மறுமொழி – பேராதனை முதுநிலை மாணவர்

தங்கை, முதலில் இரண்டு கேள்விகள்.

ஒன்று, படத்தின் உருத்திரிபைத் திருத்தினீர்களா? இந்த வகைப் படங்கள் மிக வேகமாக எடுக்கப்படுவதால், காற்று நிறைந்த இடங்களை ஒட்டிய பகுதிகள், முக்கியமாகக் காதுத் துவாரத்துக்கு மேலேயும் நெற்றிக் குழிவுகளுக்குப் பின்னாலும், இழுபட்டும் நசுங்கியும் தெரியும். உங்கள் கட்டு தொடங்குவதே காதுக்குப் பக்கத்தில்தான். எதிர்த்திசையில் எடுத்த ஒரு பி-பூச்சியப் படம் (பரவல் அளவீடு சேராத படம்) இருந்தால் திருத்தலாம்.

இரண்டு, டென்சர் முறையையா பயன்படுத்துகிறீர்கள்? 1994இல் பேசரும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்த அந்த முறை ஒரு வோக்சலுக்கு ஒரு முதன்மைத் திசையைத்தான் தரும். ஆர்குவேட் போகும் வழியில் மேலிருந்து இறங்கும் நார்களும் கார்பஸ் கலோசத்தின் நார்களும் குறுக்கே வந்து சேர்கின்றன. மூன்று பாதை கூடும் சந்தியில் ஒரே ஒரு கைகாட்டியை நட்டால் பயணி நின்றுவிடத்தான் செய்வார்.

அட்டன் மாணவி

நன்றி அண்ணா. எதிர்த்திசைப் படம் இருக்கிறது. உருத்திரிபையும் தலை அசைவையும் திருத்திவிட்டேன். இங்கே மின்னல் மழைக்கு மின்சாரம் போய்விடுவதால் அந்த ஒரு படியை முடிக்கவே நான்கு இரவுகள் ஆயின. டென்சர் இல்லை, ஒரு வோக்சலில் பல திசைகளைப் பிரித்துக் காட்டும் சிஎஸ்டி முறையைத்தான் எடுத்தேன்.

மறுமொழி – கண்டி, மென்பொருள் துறை

கோடு வளையக்கூடிய உச்சக் கோணத்தைக் கூட்டிப் பாருங்கள். 45 பாகையாக இருந்தால் 70 ஆக்குங்கள். எனக்கு அப்படித்தான் வந்தது.

மறுமொழி – பதுளை, ரேடியோகிராபர்

அதைச் செய்ய வேண்டாம். கோணத்தை அவிழ்த்துவிட்டால் ஏதோ ஒரு வில் வரும். அது மூளையில் இருக்கும் வில்லா, மென்பொருள் போட்ட வில்லா என்று யாராலும் சொல்ல முடியாது. பல ஆய்வுக்குழுக்கள் ஒரே தரவிலிருந்து வரைந்த பாதைகளை ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெரும்பாலான குழுக்களின் முடிவுகளில் உண்மையான கட்டுகளை விட இல்லாத கட்டுகளே அதிகமாக இருந்தன. கட்டுப்பாட்டைத் தளர்த்துவது கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது.

தங்கை எழுதியதில் ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. கார்பஸ் கலோசத்தின் நடு சரியாக இருக்கிறது, வளைவுகள் மட்டும் கெடுகின்றன. இது தரவின் குறையாகத் தெரியவில்லை. படித்திறன் அட்டவணையில், அதாவது எந்தெந்தத் திசைகளில் அளந்தார்கள் என்ற பட்டியலில், ஓர் அச்சின் குறி மாறியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதையும் சொல்கிறேன். இடம்வலம் அச்சின் குறி மாறினால், நேராக இடம்வலமாக ஓடும் நார் அப்படியே இருக்கும். நேர் மேல்கீழாக ஓடுவதும் மாறாது. சரிந்து ஓடுவது மட்டும் எதிர்ப்பக்கம் சரியும். எஃப்ஏ என்பது பரவல் எவ்வளவு ஒருதிசைப்பட்டது என்பதற்கு 0 முதல் 1 வரை தரும் அளவு. எந்தத் திசை என்பது அதற்குத் தேவையே இல்லை. நிறப்படமும் குறியை நீக்கிவிட்டுத்தான் நிறம் பூசுகிறது. ஆகவே இரண்டும் உங்களுக்குப் பிழையைக் காட்டாது. ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது சாலையை அப்படியே விட்டுவிட்டுச் சுக்கானை மட்டும் இடம்வலம் மாற்றிக்கொடுத்தது போலத்தான். நேர்ச்சாலையில் சாரதிக்கே தெரியாது. முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி பள்ளத்தில் கிடக்கும்.

இப்போது இதைப் பாருங்கள். கார்பஸ் கலோசத்தின் முன்முனை நெற்றியை நோக்கி இரு பக்கமும் விரிந்து வளையும் இடத்தைக் கிடைவெட்டில் திறந்து, நிறத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வோக்சலின் திசையையும் சிறு கோடாகக் காட்டச் சொல்லுங்கள். கோடுகள் வளைவோடு சேர்ந்து ஓடுகின்றனவா, வளைவைக் குறுக்கே வெட்டுகின்றனவா?

அட்டவணையை எப்படி உள்ளே கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அட்டன் மாணவி

அக்கா, குறுக்கே வெட்டுகின்றன! நடுவில் கோடுகள் படுத்துக் கிடக்கின்றன. அங்கிருந்து இரு பக்கமும் விரியத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் திரும்பி, வளைவின் மேல் சீப்புப் பல் போல நிற்கின்றன. மூன்று வாரமாக இந்தப் படத்தை நிறத்தோடு மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டவணையைப் பற்றி: தரவோடு பி-வெக் (திசைகள்), பி-வால் (பி மதிப்புகள்) என இரண்டு கோப்புகள் வந்தன. பி-வெக் கோப்பில் மூன்று நீண்ட வரிகள். எம்ஆர்ட்ரிக்ஸ் நான்கு நிரல் கேட்டதால், விரிதாளில் போட்டு வரிகளை நிரலாக்கி, நான்காம் நிரலில் பி மதிப்பை ஒட்டி, '-கிராட்' என்று கொடுத்தேன். வடிவம்தான் வேறு, எண்கள் ஒன்றே என்று நினைத்தேன்.

மறுமொழி – பதுளை, ரேடியோகிராபர்

பிழை அங்கேதான் இருக்கிறது. பி-வெக் கோப்பு எஃப்எஸ்எல் என்ற வேறொரு மென்பொருளின் மரபில் எழுதப்பட்டது. அதன் திசைகள் படத்தின் சொந்த அச்சுகளைச் சார்ந்தவை. படம் சேமிக்கப்பட்ட ஒழுங்கைப் பொறுத்து முதல் அச்சின் குறியும் அதில் மாறும். எம்ஆர்ட்ரிக்ஸின் நான்கு நிரல் அட்டவணையோ ஸ்கேனரின் அச்சுகளைச் சார்ந்தது. எண்களை இடம் மாற்றி ஒட்டியதால் இடம்வலக் குறி புரண்டுவிட்டது. வெட்டுகள் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் அந்தச் சாய்வும் கணக்கில் சேராமல் போயிருக்கும்.

விரிதாளில் செய்த கோப்பை அழித்துவிடுங்கள். வந்த இரண்டு கோப்புகளையும் தொடாமல் '-எஃப்எஸ்எல்கிராட்' என்று கொடுங்கள். மாற்றத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். பிறகு 'டிடபிள்யூஐகிராட்செக்' கட்டளையை ஓட்டுங்கள். அது அச்சுகளை மாற்றியும் குறிகளைப் புரட்டியும் பாதை வரைந்து, எந்த அமைப்பில் கோடுகள் சராசரியாக மிக நீளமாக வருகின்றன என்று பார்த்துச் சொல்லும்.

இன்னொன்று. அசைவுத் திருத்தமும் தவறான திசைகளை வைத்துத்தான் நடந்திருக்கிறது. அதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நான்கு இரவு என்று எழுதியிருந்தீர்கள், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் செய்யுங்கள்.

மறுமொழி – பேராதனை முதுநிலை மாணவர்

நான் நேராகத் திருத்தப் படிகளுக்குப் போய்விட்டேன். அட்டவணையைக் கேட்டிருக்க வேண்டும். அக்காவுக்கு நன்றி. மின்சாரம் போய்க் கணினி வேலை இரவில் அறுந்துபோகிறது என்றால் 12 பேரையும் ஒன்றாக ஓட்டாமல் ஒவ்வொருவராக ஓட்டுங்கள். ஒவ்வொருவர் முடிந்ததும் கோப்பைத் தனியே சேமித்துக்கொள்ளுங்கள்.

அட்டன் மாணவி – ஆறு நாட்களுக்குப் பின்

வந்துவிட்டது.

முதல் ஆளுடைய தரவு அதிகாலை முடிந்தது. சீப்புப் பல் எல்லாம் படிந்து, தண்ணீர் ஓடுவது போலக் கோடுகள் வளைவோடு ஓடின. இடப்பக்கத்து ஆர்குவேட் முழு வில்லாக வந்தது. உச்சக் கோணம் 45 பாகையே, எதையும் தளர்த்தவில்லை. அம்மா மலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். "இதா அப்பாவுக்கு அறுந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு கேள்விகள். வலப்பக்க வில் மிகவும் மெலிந்து வருகிறது. இதுவும் பிழையா? அப்பாவின் ஸ்கேன் குறுந்தட்டு வீட்டில் இருக்கிறது. அதில் 'பரவல்' என்று ஒரு தொகுதியும் உண்டு. அதையும் இப்படி வரையலாமா?

மறுமொழி – பதுளை, ரேடியோகிராபர்

மிகவும் சந்தோஷம் தங்கை.

வலப்பக்கம் மெலிந்து வருவது பிழையாக இருக்கத் தேவையில்லை. பலருக்கு நெற்றியையும் பொட்டையும் நேராக இணைக்கும் பகுதி வலப்பக்கத்தில் மிக மெல்லியது, அல்லது இந்த முறையில் பிடிபடுவதே இல்லை. இடம்வலம் மாறவில்லை என்பதை மட்டும் தரவின் குறிப்புகளில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில ஆய்வுகளில் வலது நெற்றியோரம் ஒரு விட்டமின் ஈ மாத்திரையை ஒட்டி ஸ்கேன் எடுப்பார்கள். படத்தில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும்.

அப்பாவின் தட்டில் வில்லைத் தேட வேண்டாம். பாரிசவாதத்துக்கு அவசரமாக எடுக்கும் பரவல் படத்தில் வழக்கமாக மூன்று திசைகளே இருக்கும். எந்தத் திசு பாதிக்கப்பட்டது என்று அறிய அது போதும். டென்சருக்கே குறைந்தது 6 திசைகள் வேண்டும். நீங்கள் செய்யும் வேலைக்கு இன்னும் பல மடங்கு. அதிலிருந்து எதை வரைந்தாலும் அது அப்பாவின் மூளையாக இராது. 2 வருடங்களுக்கு முந்திய படத்தில் இன்றைய நிலையும் இல்லை. அம்மாவிடம், அறுந்ததா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.

பேச்சுப் பயிற்சிக்கு இன்னும் போகிறாரா? பேச்சு வராத சிலருக்குப் பழகிய பாட்டோடு சொற்கள் வருவதுண்டு. சிகிச்சையாளர்கள் தாளத்தைத் துணையாகக் கொண்டு பயிற்சி தருவதும் உண்டு. அவர்களிடம் கேளுங்கள்.

அட்டன் மாணவி

ஆறு மாதமாகப் போகவில்லை அக்கா. பஸ்ஸில் ஏற்றி இறக்குவது கடினமாக இருந்தது. அப்பா மாசி மாதக் காமன் கூத்தில் வருடா வருடம் பாடியவர். எங்கள் யாருக்கும் இது தோன்றவே இல்லை. திங்கட்கிழமை திகதி எடுக்கிறேன்.

மற்ற 11 பேருக்கும் அதே விரிதாள் அட்டவணையைத்தான் கொடுத்திருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இரண்டாமவருடைய தரவு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.