பஞ்சிகாவத்தையில் ஒரு பெரியவரோடு

போன மாதம் பழைய வான் ஒன்றுக்கு ஷொக் அப்சோபர் தேடிக் கொழும்பில் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் சாமான் எடுக்க உள்ளே போன நேரம், பக்கத்தில் நின்ற பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"தொழிற்சங்கம் புகுந்த கம்பனி உருப்படாது தம்பி. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் விழுந்தது அதனால்தானே? மணிக்கு 70 டொலர் சம்பளமாம்."

பல வருடம் கராஜில் வேலை செய்தவன் நான். கேட்டுக்கொண்டு நிற்க மனம் வரவில்லை.

"அந்த 70 டொலர் கைக்கு வந்த சம்பளம் இல்லை ஐயா" என்றேன். கைக்கு வந்தது ஏறக்குறைய 28 டொலர்தான். ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவு வரைக்கும் சேர்த்துத்தான் 70 என்று கணக்குக் காட்டினார்கள். 2007 ஒப்பந்தத்தில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதிச் சம்பளம் என்பதற்குக்கூடச் சங்கம் இணங்கியது. 2008இல் பெற்றோல் விலை ஏறியதும் பெரிய வாகனங்கள் விற்காமல் நின்றன. அவற்றையே நம்பியிருக்கலாம் என்று முடிவெடுத்தது தொழிலாளியா? பிறகு வங்கி நெருக்கடியும் வந்தது. 2009 ஜூன் 1இல் கம்பனி வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது.

சங்கத்தின் மேலும் பிழை உண்டு. வேலை இல்லாமல் இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட முழுச் சம்பளம் கொடுக்க வைத்தார்கள். அதை ஒத்துக்கொண்டேன்.

"அப்ப டொயோட்டா மட்டும் எப்படி நல்ல கார் செய்கிறது?" என்றார்.

கலிபோர்னியாவில் பிரிமொன்ட் என்ற ஊரின் கதையைச் சொன்னேன். அங்கே ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலை மகா மோசம் என்று பெயரெடுத்து 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவோடு கூட்டாகத் திறந்தார்கள். பெரும்பாலும் அதே ஆட்கள், அதே சங்கம். ஆனால் ஜப்பானில் செய்ததற்கு ஈடான தரத்தில் கார்கள் வந்தன. பிழையைக் கண்டால் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து வேலையை நிறுத்த முடிந்தது. ஏன் நிறுத்தினாய் என்று யாரும் ஏசவில்லை.

அந்தக் கயிற்றைப் பற்றி முதலில் கேள்விப்பட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வேலை செய்த ஒரு கராஜில் மலிவு பிரேக் லைனர் வந்து இறங்கியது. கையில் எடுத்ததுமே சரியில்லை என்று தெரிந்தது. சொன்னேன். "போடு, கதைக்காதே" என்றார் முதலாளி. மூன்று வாரத்தில் வாகனம் திரும்பி வந்தது. பழி எங்கள் தலையில்தான் விழுந்தது.

பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த லைனரை நீங்கள் போட்டீர்களா தம்பி?" என்று கேட்டார்.

போட்டேன் என்றேன்.