கொடைக்கானல் பைன் மரங்களின் வேரில் கண்டது

மழைக்காலத்தில் கொடைக்கானலின் பைன் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் பலரும் அங்கே முளைக்கும் காளான்களைப் படம் எடுத்திருப்பீர்கள். அவற்றின் அடியில் மண்ணைச் சற்று விலக்கிப் பார்த்தபோது நான் கண்டதை இங்கே பகிர்கிறேன்.

ஊசியிலைச் சருகை ஒதுக்கியதும் வெண்ணிற நூலிழைகள் தெரிந்தன. அவற்றைத் தொடர்ந்து தேடியபோது, நுனியில் கவையாகப் பிரிந்த குட்டையான சிறுவேர்கள் அகப்பட்டன. ஒவ்வொரு நுனியையும் பூஞ்சை உறையிட்டு மூடியிருந்தது. கைலென்ஸ் வைத்துப் பார்த்தும் நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்த்தூவிகளை அந்நுனிகளில் காண முடியவில்லை. தூவிகளின் வேலையைப் பூஞ்சையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் மிக மெதுவாகவே நகரும் என்பதால், வேரை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பது விரைவில் தீர்ந்துவிடும்; இரும்பும் அலுமினியமும் அந்தச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மலைப்பகுதியின் அமில மண்ணில் இந்தத் தட்டுப்பாடு இன்னும் கடுமையானது. வேரைவிடப் பன்மடங்கு மெல்லிய இழைகள் அந்த எல்லைக்கு அப்பால் சென்று சத்தைச் சேர்த்துத் தர, இலைகளில் உருவாகும் சர்க்கரையில் ஒரு பங்கை மரம் அவற்றுக்கு அளிக்கிறது.

இந்த உறவு இல்லாமல் பைன் தழைப்பதில்லை. கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் பைன் வளர்க்கும் முயற்சிகள் தொடர்ந்து தோற்ற பின்னர், 1955இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து இட்ட பிறகே கன்றுகள் செழித்தன. கொடைக்கானலில் நடப்பட்ட பட்டுலா பைனும் மெக்சிகோவைச் சேர்ந்த மரம்தான். ஆகவே சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளிகளுடன் அதன் அடியில் தோன்றும் நச்சுக்காளானை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பைனைத் தொடர்ந்து வந்து குடியேறிய ஒன்றாகவே நான் பார்க்கிறேன்.

அருகிலுள்ள சோலைக்குள், அதாவது இம்மலையின் இயற்கைக் காட்டுக்குள், இத்தகைய உறையிட்ட வேர் எதுவும் என் கண்ணில் படவில்லை. சோலை மரங்களில் பெரும்பாலானவை வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சையான வேர் உட்பூசணத்தோடு வாழ்பவை. உழவர்கள் ‘வேம்’ (VAM) என்று உயிர் உரமாக வாங்கி இடும் அதே வகைப் பூஞ்சை, வேரின் திசுவறைகளுக்குள்ளேயே தங்குவதால் நுண்ணோக்கியின்றி அதைக் காண இயலாது. இலை மட்கும் விதமும் இரு இடங்களிலும் வேறு. பைனின் கீழே ஊசியிலைகள் மெத்தையாகத் தேங்கிக் கிடக்கின்றன. இலையின் கடினத்தன்மை அதற்கு முதன்மைக் காரணம் என்றாலும், நியூசிலாந்தின் ரேடியேட்டா பைன் காட்டில் ரூத் காட்கிலும் அவருடைய உடன் ஆய்வாளரும் செய்து 1971இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்றையும் காட்டியது: பைன் வேரும் அதன் பூஞ்சையும் நுழையாதபடி தடுத்த இடத்தில் சருகு விரைவாக மட்கியது. மட்கச் செய்யும் பிற நுண்ணுயிர்களுக்குத் தேவையான சத்தை வேர்ப்பூஞ்சை முந்திக்கொண்டு எடுத்துவிடுவதே இதற்கு விளக்கமாகக் கூறப்பட்டது.

பழைய பைன் தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வளர்வதை உங்களில் சிலரும் கண்டிருக்கக்கூடும். பைன்களை ஒரே மூச்சில் வெட்டி அகற்ற வேண்டும் என்ற கோரிக்கையை நான் ஏற்கத் தயங்குவது அக்கன்றுகளை எண்ணித்தான். உட்பூசணத்தின் வித்துகள் மண்ணுக்குள்ளேயே உருவாவதால், காளானின் வித்துகளைப் போல அவை காற்றில் எளிதாகப் பரவுவதில்லை. எனவே சோலையின் ஓரத்தை ஒட்டிய தோட்டங்களிலும், சோலையிலிருந்து வெகுவாக விலகியுள்ள தோட்டங்களிலும் இக்கன்றுகள் ஒரே அளவில் வளர்கின்றனவா என்பதைக் கவனித்தவர்கள், தாங்கள் கண்டதை இடத்தோடும் பருவத்தோடும் எழுத வேண்டுகிறேன்.