கிராணி சீட்டை மாற்றினான், எஜமான் ஏன் மெச்சினார்? (லூக்கா 16:8-9)

சுங்கை சிப்புட் சகோதரி:
வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தில் லூக்கா 16 எடுக்க வேண்டும். இயேசு சொன்ன உவமை: எஜமானின் ஆஸ்தியைச் சிதறடித்து வேலை போகப்போகிற உக்கிராணக்காரன் (சொத்தைக் கவனிக்கிறவன்), எஜமானிடம் கடன்பட்டவர்களைக் கூப்பிட்டுக் கடன்சீட்டைக் குறைத்து எழுத வைக்கிறான். ‘உக்கிராணக்காரன்’ என்பதைத் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) என்று சொன்னால் எல்லாருக்கும் புரிந்துவிடும், ஆனால் வம்பே அங்கேதான். கணக்கைக் குறைத்து எழுத வைத்தவனை எஜமான் மெச்சுகிறார். 9ஆம் வசனம் ‘அநீதியான உலகப்பொருளால்’ சிநேகிதரைச் சம்பாதிக்கச் சொல்கிறது. அப்போ கள்ளக்கணக்கு தப்பில்லையா என்று கேட்டால்?

பழைய ஏட்டுக்காரர்:
சிஸ்டர், 8ஆம் வசனத்தை நிதானமாகப் படியுங்கள். ‘புத்தியாய்ச் செய்தான்’ என்றுதான் மெச்சுகிறார், நீதியாய் என்றல்ல. அதே வசனமே அவனை ‘அநீதியுள்ள’ உக்கிராணக்காரன் என்கிறது.

அவன் புத்தி எதில்? வேலை போவது உறுதி, ஆனால் சீட்டுகள் இன்னும் கைக்கு எட்டுகிற நேரம். எண்ணெய் 100 குடத்தை 50 ஆக்கினான், கோதுமை 100 கலத்தை 80 ஆக்கினான். இது மளிகைக்கடைப் பற்று இல்லை. ஒரு கலத்துக்கு 10 குடம் (எசேக்கியேல் 45:14). குடத்துக்கு மிகக் குறைந்த அளவைப் போட்டாலும் எண்ணெய் மட்டும் 2,000 லிட்டருக்கு மேல் வரும். புதிய தொகையை எழுதியதும் கடன்காரனின் கைதான். நாளைக்கு அவன் வீட்டுக் கதவு திறக்காமல் போகுமா? 4ஆம் வசனத்தின் ‘வீடுகளில் ஏற்றுக்கொள்ளும்படி’யும் 9இன் ‘நித்தியமான வீடுகளிலே ஏற்றுக்கொள்வார்’ என்பதும் ஜோடி.

தைப்பிங் பிரதர்:
அவன் தன் கமிஷனையோ வட்டியையோதான் கழித்தான் என்று சிலர் விளக்குவார்கள். இஸ்ரவேலரிடம் வட்டி வாங்க உபாகமம் 23:19 தடை போடுகிறது, அதனால் அதைக் கழித்தது சரியே என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் 5ஆம் வசனம் ‘என் எஜமானிடத்தில் எவ்வளவு கடன்பட்டாய்’ என்கிறது. கமிஷன் என்ற பேச்சே இல்லை. அதில் பாடத்தைக் கட்டாதீர்கள்.

சுங்கை சிப்புட் சகோதரி:
‘அநீதியான உலகப்பொருள்’ என்றால் திருட்டுப் பணம் இல்லையா, ஐயா?

பழைய ஏட்டுக்காரர்:
இல்லை. 11ஆம் வசனம் அதே உலகப்பொருளில் ‘உண்மையுள்ளவர்களாய்’ இருக்கச் சொல்லி, எதிரே ‘மெய்யான பொருளை’ வைக்கிறது. திருட்டுப் பணத்தில் எப்படி உண்மையாய் இருப்பது? பலர் 9ஓடு நிறுத்துவதால்தான் இந்தக் குழப்பம். 10 முதல் 13 வரை வாசித்தால் கள்ளக்கணக்குக் கேள்வி அங்கேயே அடிபட்டுப்போகும்.

இன்னொன்று, 9ஆம் வசனத்தில் ‘நீங்கள் மாளும்போது’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்லும் இடத்தில் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் ‘அது தீர்ந்துபோகும்போது’ என்றிருக்கிறது. தீர்வது பணம்.

தைப்பிங் பிரதர்:
முன்னும் பின்னும் பாருங்கள். 15:13இல் இளைய மகன் ஆஸ்தியை அழித்ததற்கும் 16:1இல் இவன் சிதறடித்ததற்கும் கிரேக்கத்தில் ஒரே சொல். 14இல் பொருளாசைக்காரப் பரிசேயர் பரியாசம்பண்ணுகிறார்கள். 19இல் ஐசுவரியவான், அவன் வாசலில் தரித்திரனான லாசரு. பணம் வைத்திருந்தும் சிநேகிதனைச் சம்பாதிக்காதவன் அவன்தான். ஒரு மணி நேரம்தான் என்றால் 1 முதல் 15 வரை சத்தமாக வாசிக்கவிட்டு, 19 முதல் 31 வரையுள்ளதை வீட்டில் படித்து வரச் சொல்லுங்கள். கமிஷன் விளக்கத்தை யாராவது எடுத்தால் மட்டும் தொடுங்கள்.