எரு நாற்றம் குறைய தீவனத்தில் என்ன சேர்க்கலாம்?

வணக்கம் அண்ணன்மாரே. ராசிபுரம் பக்கம் 6,000 முட்டைக்கோழி வைத்திருக்கிறேன், கூண்டு முறை. மழை பிடித்ததிலிருந்து எரு வாடை தாங்கவில்லை. காலையில் கூண்டுக்கு அடியில் குனிந்தாலே கண் எரிகிறது. போன வாரம் பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து, "தம்பி, சோறு உண்ண முடியல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் தப்பே இல்லை.

கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாயின் ஒழுகலைச் சரி செய்துவிட்டேன். சுண்ணாம்பு தூவிப் பார்த்தேன், அன்றைக்கு நெடி இன்னும் ஏறியதுதான் மிச்சம். எருவில் காரத்தன்மை கூடினால், கண்ணை எரிக்கும் அமோனியா வாயு வேகமாகக் கிளம்பும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

தீவனம் சொந்த மிக்சிங். சோயாவும் கருவாடும் கொஞ்சம் தாராளம். தேவைக்கு மேல் போகும் புரதம் யூரிக் அமிலமாக எச்சத்தில் வந்து, ஈரத்தில் அமோனியாவாகிறது. கருவாட்டு உப்பால் கோழி தண்ணீரும் அதிகம் குடிக்கிறது. அதனால் புரதத்தை 17 சதவீதத்திலிருந்து 16-க்கு இறக்கி, மெத்தியோனின், லைசின் என்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்க்கலாம் என்று யோசனை. முட்டை எடை விழுமா? அந்தப் பயம்தான்.

மருந்துக்கடையில் வாடை குறைய யூக்கா என்ற செடியின் பவுடர் எடுக்கச் சொல்கிறார்கள். புரோபயாடிக்கும் (குடலுக்கு நல்ல நுண்ணுயிர்கள்) சொல்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது. யூக்கா போட்டவர்கள் டன்னுக்கு எத்தனை கிராம் போட்டீர்கள், எத்தனை நாளில் வித்தியாசம் தெரிந்தது, செலவு கட்டியதா என்று சொல்லுங்கள். பலன் இல்லை என்றாலும் சொல்லுங்கள்.